பிராக்கெட்டைப் பாருங்கள்: ஓசூர், கிருஷ்ணகிரி பிக்கப்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஓசூர், சூளகிரி, ராயக்கோட்டை, காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கங்களில் பிக்கப் வண்டி வைத்துப் பிழைக்கும் அண்ணன்மார்களுக்கும் தம்பிகளுக்கும், அந்த வண்டிகளில் ஏறி இறங்கி லோடு ஏற்றும் உழைப்பாளிகளுக்கும்,

வண்டியின் பக்கவாட்டில் போடுகிற ஃபுட்ஸ்டெப்பை, அதாவது ஏறும் படியைப் பற்றி ஒரு கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். புது வண்டி எடுத்ததும் நாம் செய்கிற செலவுகளில் இதற்குத்தான் ஆகக் குறைந்த யோசனை. தார்ப்பாய் வாங்கும்போது ஜி.எஸ்.எம். கேட்கிறோம். டயருக்கு எத்தனை ப்ளை என்று கேட்கிறோம். சீட் கவருக்கு அரை மணி நேரம் நிறம் பார்க்கிறோம். படி என்று வந்தால் மட்டும் பளபளப்பையும் விலையையும் பார்த்துவிட்டு, மாட்டிவிடச் சொல்லி டீ குடிக்கப் போய்விடுகிறோம்.

ஆனால் மனிதர் ஒருவர் தன் முழு எடையையும் ஒற்றைக் காலில் தூக்கி வைக்கிற பாகம் வண்டியில் அது ஒன்றுதான். டிரைவர் ஒரு நாளில் எத்தனை கடை, எத்தனை மண்டி, எத்தனை கம்பெனி கேட் நிற்கிறாரோ அத்தனை தடவை அதன் மேல் ஏறி இறங்குகிறார். கிளீனரும் ஏறி இறங்குகிறார். பூக்கூடையையோ மூட்டையையோ தோளில் வைத்தபடி லோடுமேன் ஒருவர் அதில் கால் ஊன்றித்தான் பாடிக்குள் எட்டிப் பார்க்கிறார். தளி, பாகலூர், கெலமங்கலம் பக்கம் விடியலுக்கு முன்னால் பூ ஏற்றுகிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. மார்கழியில் பனி இறங்கினால் இரும்பெல்லாம் நனைந்து கிடக்கும். காலில் ரப்பர் செருப்பு, செருப்பில் செம்மண் சேறு, மனதில் பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டில் விலை இறங்குவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம். இந்த மூன்றும் சேர்கிற நேரத்தில் படி வழுக்கினாலோ, ஒரு பக்கம் தொங்கினாலோ முழங்காலும் முதுகும் போகும். தினக்கூலிக்கு அது மாதக்கணக்கில் சோறு போகிற விஷயம்.

நான் தகட்டு வேலையிலும் வெல்டிங்கிலும் பிழைப்பு நடத்துகிறவன். அந்தக் கண்ணோடு பார்க்கும்போது எனக்குள்ள வருத்தத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த ஊர் வண்டி செய்கிற ஊர். அசோக் லேலண்ட் 1980-ல் இங்கே ஆலை போட்டது. உங்களில் பலர் ஓட்டுகிற தோஸ்து 2011-ல் ஓசூரிலிருந்துதான் வெளியே வந்தது. அடுத்து 2020-ல் படா தோஸ்தும் வந்தது. டி.வி.எஸ். இருக்கிறது, இவற்றுக்கெல்லாம் பாகம் செய்து கொடுக்கிற சிறு பட்டறைகள் சிட்கோவிலும் சிப்காட்டிலும் வரிசையாக இருக்கின்றன. அங்கே ஒரு சின்ன பிராக்கெட் வெளியே போக வேண்டுமென்றால் அதற்கு டிராயிங் உண்டு, ஜிக் உண்டு, கேஜ் உண்டு, வெல்டிங் வெட்டிப் பார்க்கிற சோதனை உண்டு. போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று அளவு உண்டு. முறுக்கியபின் நட்டின் மேல் பெயிண்ட் கோடு இழுப்பது உண்டு. அதே ஊரில், அதே கையால், நம் சொந்த வண்டிக்குப் படி மாட்டும்போது இதில் ஒன்றுகூட இல்லை. பெங்களூரு ஜே.சி. ரோட்டிலிருந்து ஒரு ஜோடி வாங்கி வந்து, ஓட்டை சேரவில்லையென்றால் கேஸ் கட்டரால் ஓட்டையைப் பெரிதாக்கி மாட்டுகிறார்கள். இதை நாம் ஏற்றுக்கொண்டிருக்கக் கூடாது.

சரி, எதைப் பார்த்து வாங்குவது? எல்லோரும் பைப்பைப் பார்க்கிறோம். படி உடைவது பெரும்பாலும் பைப்பில் இல்லை. பைப்பை வண்டியோடு சேர்க்கிற பிராக்கெட்டில்தான் உடைகிறது. அதற்குக் காரணம் கடப்பாரைக் கணக்கு. எண்பது கிலோ ஆள் ஒருவர் படியின் வெளி ஓரத்தில் நிற்கிறார் என்று வையுங்கள். போல்ட் இருக்கும் இடத்திலிருந்து அந்த ஓரம் 25 சென்டிமீட்டர் வெளியே இருக்கிறது. பிராக்கெட்டின் மேல் போல்ட்டுக்கும் அது சாய்ந்து அழுத்துகிற கீழ் விளிம்புக்கும் நடுவில் 4 சென்டிமீட்டர்தான் இடைவெளி என்றால், 80-ஐ 25-ஆல் பெருக்கி 4-ஆல் வகுக்க வேண்டும். மேல் போல்ட்டில் 500 கிலோ இழுவை வருகிறது. அதே ஆள் தோளில் ஐம்பது கிலோ மூட்டையோடு ஏறினால் 800 கிலோவைத் தாண்டும். அவர் மெதுவாக ஏறாமல் தடாலென்று கால் வைத்தால் அந்த நொடியில் இது இரண்டு மடங்கு. இவ்வளவும் நடுவில் இருக்கிற அந்தக் கையகலத் தகட்டின் தலையில்தான் விழுகிறது.

இந்தக் கணக்கிலேயே தீர்வும் இருக்கிறது. அந்த 4 சென்டிமீட்டரை 10 ஆக்கினால் 500 கிலோ 200 ஆகிவிடும். அதாவது, பிராக்கெட் உயரமாக இருக்க வேண்டும், போல்ட்டுகள் மேலும் கீழுமாக விலகி இருக்க வேண்டும். கடையில் படியைக் கையில் எடுத்தவுடன் பைப்பைத் தடவாமல் திருப்பிப் போட்டு பிராக்கெட்டைப் பாருங்கள். வெறும் 'எல்' போல மடித்த 3 மில்லிமீட்டர் பட்டையாக இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். லோடு வண்டிக்கு 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த தகட்டை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மடிப்பின் உள்மூலையில் முக்கோணத் தகடு ஒன்று வைத்து வெல்டு அடித்திருக்க வேண்டும். நாங்கள் அதை கஸெட் என்போம். அந்த ஒரு துண்டுத் தகடு பிராக்கெட்டின் ஆயுளையே மாற்றிவிடும்.

போல்ட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. தலையில் 8.8 என்று பொறித்திருக்கிறதா பாருங்கள். முதல் எண் 800 மெகாபாஸ்கல் இழுவலிமையைக் குறிக்கும். இரண்டாவது எண்ணின்படி அதில் எண்பது சதவீதம் வரை போல்ட் நிரந்தரமாக நீளாது. 10 மில்லிமீட்டர் 8.8 போல்ட் ஒன்று மூன்று டன்னுக்கு மேல் தாங்கும். ஆகவே சரியான போல்ட் போட்டால் அது உங்களைக் கைவிடாது. தலையில் எந்த எழுத்தும் இல்லாத போல்ட் எதுவென்று யாருக்கும் தெரியாது. நட் நைலாக்காக இருக்கட்டும். கிருஷ்ணகிரி டோல்கேட்டிலிருந்து அத்திப்பள்ளி வரை ஓடினாலே சாதா நட் கழன்றுவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் பேரிகை ரோட்டிலும் குவாரி மண் பாதையிலும் தினமும் ஓடுகிற வண்டியில் அதிர்வு தன் வேலையைக் காட்டத்தான் செய்யும்.

எனக்கு மிக முக்கியமாகப் படுகிற விஷயத்துக்கு இப்போது வருகிறேன். நம் பிக்கப்கள் பெரும்பாலும் தனிச் சேஸிஸ் வண்டிகள். ஏணி போன்ற சட்டம் கீழே. கேபின் அதன் மேல் ரப்பர் மவுண்ட்களில் உட்கார்ந்திருக்கிறது. ஓடும்போது சேஸிஸ் ஒரு விதமாக முறுகும், கேபின் அதோடு முழுக்கச் சேர்ந்து முறுகாமல் ரப்பரின் மேல் மிதக்கும். இரண்டுக்கும் நடுவில் எப்போதும் சில மில்லிமீட்டர் அசைவு இருந்துகொண்டே இருக்கிறது. இப்போது ஒரு படியை எடுத்து, முன் பிராக்கெட்டை சேஸிஸிலும் பின் பிராக்கெட்டைக் கேபினின் அடி விளிம்பிலும் மாட்டினால் என்ன ஆகும்? அந்த அசைவு முழுவதையும் படி வாங்கும். முதலில் 'கட கட'வென்று சத்தம் வரும். கிரீஸ் வைப்பார்கள், வாஷர் போடுவார்கள், சத்தம் போகாது. சில மாதத்தில் வெல்டு ஓரத்தில் முடி போல ஒரு விரிசல் தெரியும், அதன் மேல் துரு கோடு போல வடியும். பிறகு ஒருநாள் யாரோ கால் வைக்கும்போது போய்விடும். இப்படிக் கழற்றி எறிந்த படிகளைப் பட்டறை மூலைகளில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பைப் புதுசு மாதிரியே இருக்கும்; பிராக்கெட் மட்டும் கிழிந்திருக்கும்.

ஆகவே ஒரே விதி: மாட்டினால் எல்லாப் பிராக்கெட்டையும் சேஸிஸில் மாட்டுங்கள், அல்லது எல்லாவற்றையும் கேபினில் மாட்டுங்கள். பாதி இங்கே பாதி அங்கே கூடாது. கம்பெனிக்காரர்கள் சில மாடல்களில் கேபினின் அடியில் இதற்கென்றே ஓட்டையும் நட்டும் வைத்துத்தான் அனுப்புகிறார்கள். குனிந்து பார்த்தால் பிளாஸ்டிக் மூடியோடு தெரியும். அங்கே மாட்டுகிற மாதிரி அந்த மாடலுக்கென்றே செய்த படி கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. 'எல்லா வண்டிக்கும் சேரும்' என்று விற்கிற படி எந்த வண்டிக்கும் சரியாகச் சேராது.

சேஸிஸில் மாட்டுவதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். சேஸிஸ் சேனலின் மேல் தகட்டிலும் கீழ்த் தகட்டிலும்தான் லோடு ஏறும்போது வளைவின் முழு இழுவையும் அழுத்தமும் வருகிறது. அங்கே டிரில் போட்டால் விரிசலுக்கு நாமே வாசல் திறந்துவிடுகிறோம். பக்கச் சுவரில் ஏற்கெனவே இருக்கிற ஓட்டைகளைப் பயன்படுத்துங்கள். வெல்டு அடிக்கவே வேண்டாம். சேஸிஸ் இரும்பு சாதா ஆங்கிள் இரும்பு இல்லை, வலுக்கூட்டிய ஸ்டீல். வெல்டிங் சூட்டில் அந்த இடத்தின் குணமே மாறிவிடும். இரண்டு டன் தக்காளியை ராயக்கோட்டை மண்டியிலிருந்து ஏற்றிக்கொண்டு வரும் வண்டியின் முதுகெலும்பில் ஒரு படிக்காகச் சூடு வைக்க எந்த நியாயமும் இல்லை. வண்டியில் வேறு எங்கே வெல்டு அடித்தாலும் முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள். இப்போது வரும் வண்டிகளில் இன்ஜினை நடத்துகிற மின்னணுப் பெட்டி உண்டு. அதன் விலை உங்கள் படியின் விலையைவிடப் பல மடங்கு. சேஸிஸ் ஓரமாகப் போகிற பிரேக் பைப், டீசல் லைன், ஒயரிங் எதுவும் பிராக்கெட்டில் உரசவில்லை என்பதைக் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ஜாக்கி வைக்கிற இடத்தைப் படி மறைக்கிறதா என்பதையும் பாருங்கள். சூளகிரி மேம்பாலத்தில் ராத்திரி பஞ்சராகும்போது அது தெரிய வருவதைவிடப் பட்டறையிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

பைப் விஷயம் சுலபம். கடைக்காரர் கேஜ் கணக்கில் பேசுவார். கேஜ் எண் ஏற ஏறத் தகடு மெலியும் என்பதை மறக்காதீர்கள். 18 கேஜ் என்றால் 1.2 மில்லிமீட்டர், 16 என்றால் 1.6, 14 என்றால் 2. கண்ணால் பார்த்தால் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். தராசு பொய் சொல்லாது. ஒன்றரை இஞ்சு பைப்பின் வெளிவிட்டம் 48.3 மில்லிமீட்டர். அது 1.2 மில்லிமீட்டர் தகடாக இருந்தால் ஒரு மீட்டர் 1.4 கிலோதான் வரும். தண்ணீர் லைனுக்குப் போடுகிற பி-கிளாஸ் பைப்பில் சுவர் 3.2 மில்லிமீட்டர், ஒரு மீட்டர் மூன்றரை கிலோ. கையில் தூக்கினாலே வித்தியாசம் தெரியும். டபுள் கேபின் வண்டிக்கு வலுவான இரும்புப் படி என்று சொல்லிவிட்டு ஒற்றை விரலில் தூக்கிக் காட்டினால் அது வலுவான படி இல்லை.

பைப் கொஞ்சம் பருமனாக இருந்தால் வலு நிறையக் கூடும். ஒரே சுவர்க் கனத்தில் ஒன்றரை இஞ்சிலிருந்து இரண்டு இஞ்சுக்குப் போனால் வளையாமல் நிற்கும் திறன் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. பிராக்கெட்டின் எண்ணிக்கையில் கிடைக்கிற லாபம் அதைவிடப் பெரிது. இரு முனையிலும் மட்டும் பிடித்திருக்கிற படியின் நடுவில் மூன்றாவது பிடிப்பு ஒன்று போட்டுத் தூரத்தைப் பாதியாக்கினால், அந்தப் பாதித் தூரத்தின் நடுவில் நிற்கும்போது வருகிற வளைவு பழையதில் எட்டில் ஒரு பங்குதான். டபுள் கேபின் நீளத்துக்குப் பக்கத்துக்கு மூன்று பிராக்கெட் கட்டாயம். இரண்டு போதும் என்று சொல்கிற கடையில் வாங்காதீர்கள்.

கால் வைக்கிற மேற்பரப்புக்கு வருவோம். உருண்டைப் பைப்பில் அங்கங்கே ரப்பர்த் துண்டு ஒட்டிய படி காருக்கு அழகாக இருக்கலாம். லோடு வண்டிக்கு அது ஆகாது. வெயிலில் அந்த ரப்பர் காய்ந்து வழவழப்பாகிவிடும், ஒன்றிரண்டு வருடத்தில் ஒரு துண்டு பிய்ந்து போகும், மிச்சம் இருப்பது ஈர இரும்பு. பாதத்தின் முன்பாதியாவது முழுதாக உட்கார ஐந்தாறு இஞ்சு அகலம் தட்டையாக வேண்டும். அதில் பொட்டு எழும்பிய செக்கர் தகடு இருக்கலாம். அதைவிட நல்லது ஓட்டை போட்டு விளிம்பை மேலே எழுப்பிய தகடு. சேறும் தண்ணீரும் ஓட்டை வழியே இறங்கிவிடும், எழும்பிய விளிம்பு செருப்பைக் கவ்விக்கொள்ளும். கிரானைட் குவாரிக்குப் போகிற வண்டிகளுக்கு இது ரொம்ப அவசியம். கல் அறுக்கிற இடத்துப் பொடி ஈரத்தோடு சேர்ந்தால் செக்கர் தகட்டின் பள்ளங்களை அடைத்து மெழுகிவிடும்.

உயரத்தை எப்படி முடிவு செய்வது? வண்டியை லோடு இல்லாமல் நிறுத்தி, தரையிலிருந்து கேபின் தளம் வரை டேப்பால் அளந்து, அதன் பாதியில் படி வருகிற மாதிரி பாருங்கள். இரண்டு எட்டும் சமமாக இருந்தால்தான் முழங்காலுக்குச் சுகம். பல படிகள் கேபின் தளத்துக்கு ஒட்டி மிக மேலே இருக்கின்றன. முதல் எட்டு பெரிதாகவும் இரண்டாவது ஒன்றுமே இல்லாததாகவும் ஆகிவிடும். அந்தப் படி இருந்தும் இல்லாதது போலத்தான். அதற்காக ரொம்பவும் இறக்கிவிடவும் முடியாது. லோடு ஏற்றினால் ஸ்பிரிங் பட்டைகள் அமுங்கி வண்டி இறங்கும். கிராமத்து ஸ்பீடு பிரேக்கரில் படி இடிக்கும். உயரத்தை வெறும் வண்டியில் அளக்க வேண்டும், தரை இடைவெளியை லோடு ஏற்றிய வண்டியில் அளக்க வேண்டும். வயசான அப்பாவையோ அம்மாவையோ பக்கத்து சீட்டில் ஏற்றுகிறவர்கள், அவர்களைக் கூட்டிப்போய் ஏறச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போல்ட்டை முறுக்குங்கள். பிடித்து ஏற உள்ளே ஒரு கைப்பிடி இல்லாவிட்டால் அதையும் போடுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் இரண்டு கை, இரண்டு கால் என்ற நாலில் எப்போதும் மூன்று வண்டியைத் தொட்டிருக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க லாரிக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம். வண்டிக்கு முதுகைக் காட்டிக் குதிப்பதை நம் பையன்கள் விடவே மாட்டேன் என்கிறார்கள். பெரியவர்கள் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

முன் சக்கரத்தின் மேலேயே கேபின் உட்கார்ந்திருக்கிற சின்ன லோடு வண்டிகளுக்கு நீளப் படி போட இடம் கிடையாது. அதற்குக் கம்பெனி வைத்திருக்கிற சின்ன மிதியே போதும்; அதன் மேல் வழுக்காத தகடு ஒன்று பதித்துக்கொண்டால் சரி. அந்த வண்டிக்காரர்கள் காசைப் பின்பக்கம் செலவழிக்கலாம். லோடுமேன்கள் பாடிக்குள் ஏற டயரின் மேலும் ஹப்பின் மேலும் கால் வைக்கிறார்கள். பாடியின் பின் மூலையில் உறுதியான ஒரு மிதியும் ஒரு கைப்பிடியும் வைத்தால் அவர்களுக்குப் பெரிய உதவி. டிரைவர் படிக்கு இவ்வளவு யோசிக்கிற முதலாளி லோடுமேன் படிக்கு யோசிப்பதில்லை என்பது என் மனக்குறை.

ஸ்டீல் வகையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்டெயின்லெஸ் என்று சொல்லி விற்பதில் 202 என்றும் 304 என்றும் இரண்டு உண்டு. 304-ல் நிக்கல் அதிகம், துருவை நன்றாகத் தாங்கும், விலையும் அதிகம். காந்தம் வைத்து இரண்டையும் பிரித்துவிடலாம் என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள். இரண்டுமே காந்தத்தில் பெரிதாக ஒட்டாது. பில்லில் எழுதி வாங்குங்கள். அலுமினியம் எடையில் இரும்பில் மூன்றில் ஒரு பங்கு, விறைப்பிலும் அப்படியே. பிளாஸ்டிக் போர்த்திய படியாக இருந்தால் உள்ளே இருக்கிற இரும்புச் சட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். கதவைத் திறந்தால் தானாக இறங்குகிற மோட்டார் படி நம் புழுதிக்கு உதவாது. சாதா இரும்புக்கு நல்ல பவுடர் கோட்டிங்கோ துத்தநாக முலாமோ போதும். பைப்பின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சின்ன ஓட்டை இருக்கட்டும், இல்லையென்றால் உள்ளிருந்து அரிக்கும். குவாரிப் பாதையில் கேம்பர், வி-கிராஸ் போன்ற பிக்கப் ஓட்டுகிறவர்கள், பாறையில் உட்கார்ந்தால் கேபின் விளிம்பைக் காக்கிற மாதிரி சேஸிஸில் மாட்டும் கனமான ஸ்லைடரைத் தேடுங்கள். சாதாப் படி அந்த வேலைக்குச் செய்ததல்ல. பக்கத்தில் மோதினால் படி காப்பாற்றும் என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும் நம்பாதீர்கள்.

இனி சட்டம். நாம் இரண்டு மாநிலத்துக்கு நடுவில் ஓடுகிறவர்கள். ஜுஜுவாடியில் தமிழ்நாட்டு அதிகாரி, அத்திப்பள்ளியில் கர்நாடக அதிகாரி. ஆனால் சட்டம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி முதலில் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறுபடுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதிக்காத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு என்று 182-ஏ பிரிவு சேர்ந்தது. முன்பக்கம் போடுகிற கிராஷ் கார்டுக்கு எதிராக 2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் எழுதியதும் உங்களுக்கு நினைவிருக்கும். ஆனால் போல்ட்டில் மாட்டிக் கழற்றக்கூடிய, வண்டியின் அகலத்தைத் தாண்டாத, சேஸிஸை வெட்டாத படிக்கும், பக்கத்துக்கு அரை அடி நீட்டிக்கொண்டு வெல்டு அடித்த இரும்புக்கும் வித்தியாசம் உண்டு. எஃப்.சி.க்குப் போகும்போது அந்த வித்தியாசம்தான் உங்கள் பக்கம் பேசும். டீலரிடமே கம்பெனி அங்கீகரித்த படி கிடைத்தால் விலை கூடுதலானாலும் அதை வாங்குங்கள். வெளியே வாங்கினால் ஜி.எஸ்.டி. பில்லை வண்டியிலேயே வைத்திருங்கள். இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது ஏஜென்டிடம் சொல்லிவிடுங்கள்.

படியின் வெளி ஓரம் டயரையோ மட்கார்டையோ தாண்டக் கூடாது. ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் சிப்காட் ரோட்டில் எத்தனை டூவீலர் போகிறது என்று உங்களுக்குத் தெரியும். அவர்கள் முழங்கால் உயரத்துக்குச் சற்றுக் கீழேதான் நம் படி இருக்கிறது. மூடாத பைப் முனை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் அது கத்திக்குச் சமம். முனையை உள்பக்கம் வளைத்து, தகடு வைத்து அடைத்து, மழுங்க அரைத்துத் தரச் சொல்லுங்கள்.

படியில் யாரும் நின்றுகொண்டு வரக் கூடாது. இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். மாங்காய் சீசனில் தோப்பிலிருந்து கூழ் ஃபேக்டரிக்குப் போகிற வழியில் உள்ளே இடம் போதாமல் ஒருவர் படியில் தொங்கிக்கொண்டு வருவதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம். மோட்டார் வாகனச் சட்டம் 123-வது பிரிவு ரன்னிங் போர்டைப் பெயர் சொல்லியே தடுக்கிறது: டிரைவர் யாரையும் அதில் ஏற்றிச் செல்லக் கூடாது, யாரும் அதில் பயணம் செய்யவும் கூடாது. சரக்கு வண்டியில் சும்மா ஏறி வருகிறவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பீடு தரக் கடமைப்பட்டதல்ல என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படி ஒருவர் விழுந்து செத்தால் அந்தக் குடும்பத்துக்கு இன்சூரன்ஸ் பணம் கிடைக்காமல் போகலாம், உங்களுக்கும் மிச்சம் ஒன்றும் இருக்காது. வலுவான படி போட்டால் 'நிக்கலாம், தாங்கும்' என்ற தைரியம் வந்துவிடுகிறது. அந்தத் தைரியத்தை முதல் நாளே வெட்டிவிடுங்கள். நிற்கிற வண்டியில் ஏறி இறங்க மட்டும்தான் அந்தப் படி.

பட்டறைக்காரத் தம்பிகளுக்கும் இதே கடிதத்தில் ஒன்று சொல்கிறேன். கம்பெனி ஆர்டருக்கு நீங்கள் காட்டுகிற ஒழுங்கில் பாதியைக் காட்டினாலே இந்த நாட்டிலேயே நல்ல படி நம் ஊரில் கிடைக்கும். ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு ஜிக் செய்து வையுங்கள். பிராக்கெட்டின் கனம், பைப்பின் கேஜ், போல்ட் தரம் மூன்றையும் பில்லில் எழுதுங்கள். ஹோஸ்டியா போன்ற நம் சிறுதொழில் சங்கம், இங்கே ஓடுகிற நாலைந்து மாடலுக்குப் பொதுவான டிராயிங் ஒன்று போட்டுக் கொடுத்தால் பெரிய புண்ணியம். '300 கிலோ தாங்கும்' என்று ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்கள், எந்த இடத்தில், எத்தனை தடவை, எப்படி நிறுத்திப் பார்த்தார்கள் என்றும் சொல்ல வேண்டும்.

வண்டிக்காரர்கள் நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. படி மாட்டியவுடன் பட்டறையை விட்டு நகர்வதற்கு முன், இரண்டு பிராக்கெட்டுக்கு நடுவில் படியின் வெளி ஓரம் கேபினின் அடி விளிம்பிலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். பிறகு நல்ல எடையான ஆள் ஒருவரை மூட்டையோடு அந்த இடத்தில் சில நிமிடம் நிற்க வையுங்கள். அவர் நிற்கும்போது வண்டியும் சாயும், படியும் கொஞ்சம் இறங்கும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். அவர் இறங்கியபின் மறுபடி அளந்தால் முதல் அளவே வர வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் கூடியிருந்தாலும் பிராக்கெட் தகடு வளைந்துவிட்டது என்று அர்த்தம், காசைக் கொடுக்காதீர்கள். சரியாக இருந்தால் ஒவ்வொரு நட்டின் மேலும் போல்ட்டோடு சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு இழுத்துவிடுங்கள். ஒரு வாரம் ஓடியபின் குனிந்து பாருங்கள். கோடு நேராக இருந்தால் நட் அசையவில்லை. விலகியிருந்தால் மறுபடி முறுக்குங்கள். அதற்குப் பிறகு ஆயில் மாற்றுகிற ஒவ்வொரு முறையும் பார்த்தால் போதும்.

ஏற்கெனவே படி போட்டு ஓடிக்கொண்டிருக்கிற வண்டிகள்தான் அதிகம். அவர்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டி கழுவும்போது ஐந்து நிமிடம் ஒதுக்கி, டார்ச் அடித்து ஒவ்வொரு பிராக்கெட்டின் வெல்டு ஓரத்தையும் பாருங்கள். துருக்கோடு வடிந்திருந்தால் அன்றே கழற்றிவிடுங்கள். நல்ல படி வாங்கும்வரை படி இல்லாமலேயே ஏறுங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்,
ஓசூர்